கடன் கப்பலா, சொந்தக் கப்பலா: எந்தப் போர் ஆட்டத்தில் கடலைக் கற்பது?

"மாமா, இவர்கள் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு நீந்தியா போகிறார்கள்?"

கேட்டவன் ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் ஞாயிறு மதியம் ரிஸ்க் பலகையை விரித்திருந்தோம். அவனுடைய பன்னிரண்டு படைகள் அட்லாண்டிக்கை ஒரே பகடை வீச்சில் கடந்துவிட்டன. எனக்குப் பதில் வரவில்லை. நான்கைந்து ஆண்டுகளாக ஆடுகிறோம், யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிகள் சரக்கேற்றுவதைப் பார்த்து வளர்ந்த பையனுக்குத் தோன்றிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரே விவாதம். கடலைக் கடலாக நடத்தும் ஆட்டம் ஒன்றை அடுத்துக் கற்க வேண்டும். முன்னால் இருந்தவை இரண்டு: டிப்ளமசி, ஆக்சிஸ் அண்ட் அலைஸ். இரண்டையும் இரவல் வாங்கி, சில மாதங்கள் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்துவிட்டோம். இதே தடுமாற்றத்தில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ரிஸ்க்கை அனுப்பிவிடலாம். ஆல்பர் லமோரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் உருவாக்கி 1957இல் வெளிவந்தது. 42 நிலப்பகுதிகள். கடலுக்கு மேல் புள்ளிக்கோடு இருந்தால் பாதை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அலாஸ்காவும் கம்சட்காவும் அண்டை வீடுகள். கப்பல் கிடையாது, கட்டணம் கிடையாது, மூழ்கும் பயம் கிடையாது. கடல் என்பது நீல நிறம் பூசிய தார்ச்சாலை. வாசல்களைக் காக்கப் பழக்குவதற்கு நல்ல ஆட்டம்: சயாமில் நின்றால் இந்தோனேசியாவைத் தாண்டி எவனும் வர முடியாது. பத்து வயதுக் குழந்தைகளோடு ஆட வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் கடல் விதி கற்க வேண்டும் என்று வந்தவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

மீதி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் வ.உ.சி.யை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1986இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. கம்பெனிக்கு முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். எதிரே இருந்த பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கியதும் ஷா லைன் தன் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏறக் காத்திருந்தவர்கள் கரையிலேயே நின்றார்கள். பிறகு அலைந்து திரிந்து, பங்கு திரட்டி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைச் சொந்தமாக வாங்கினார். வாங்கிய பிறகு வந்தது வேறு தொல்லை: கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கூடவே குடையும் கொடுத்த போட்டி. கப்பல் சொந்தமானால் அதைக் காப்பாற்றும் செலவும் சொந்தம்.

கடன் கப்பலின் கதை டிப்ளமசி. சொந்தக் கப்பலின் கதை ஆக்சிஸ் அண்ட் அலைஸ்.

டிப்ளமசியை ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர் 1954இல் வடிவமைத்து, பதிப்பிக்க ஆள் கிடைக்காமல் 1959இல் தாமே அச்சிட்டார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு நாடுகள். பலகையில் 34 சப்ளை மையங்கள், அதாவது காய்களைத் தாங்கும் மாகாணங்கள். 18 பிடித்தவர் வென்றார். பகடை கிடையாது. எல்லோரும் கால் மணி நேரம் மூலைக்கு மூலை கிசுகிசுத்துவிட்டு, உத்தரவுகளைச் சீட்டில் எழுதி ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். ஒரு மாகாணத்தில் ஒரு காய்தான் நிற்கலாம். தரைப்படைக்கும் கப்பலுக்கும் பலம் ஒன்றே.

கடலைக் கடக்கும் விதிக்குக் கான்வாய் என்று பெயர். புதிதாக வருபவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். கப்பல் படையை ஏற்றிக்கொண்டு போவதில்லை. கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும். படைதான் அதன் மேல் நடந்து மறுகரைக்குப் போகும். இரண்டு மூன்று கப்பல்கள் அடுத்தடுத்த கடல்களில் வரிசையாக நின்றால் அத்தனையையும் ஒரே முறையில் கடந்துவிடலாம். படை கடலில் தங்க முடியாது. ஒரு கப்பல் ஒரு முறைக்கு ஒரு படையைத்தான் கடத்தும். துறைமுக மாகாணத்தில் ஒதுங்கி நிற்கும் கப்பல் உதவாது, நடுக்கடலில் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டுகள் பொருந்த வேண்டும்: "எடின்பரோவிலிருந்து நார்வேக்குப் போகிறேன்" என்று படையும், "எடின்பரோப் படையை நார்வேக்குக் கான்வாய் செய்கிறேன்" என்று கப்பலும் எழுதியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் படை புறப்பட்ட இடத்திலேயே நிற்கும்.

நார்வே உதாரணத்தைச் சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தின் வழக்கமான தொடக்கம் அதுதான். ஆட்டம் தொடங்கும் 1901 வசந்தத்தில் எடின்பரோக் கப்பல் நார்வேக் கடலுக்கு, லண்டன் கப்பல் வட கடலுக்கு, லிவர்பூல் படை எடின்பரோவுக்கு. இலையுதிர் காலத்தில் ஒரு கப்பல் கான்வாய் செய்ய, மற்றொன்று ஆதரவு தர (நின்ற இடத்திலிருந்தே தன் பலத்தையும் அந்தப் படைக்குச் சேர்ப்பதுதான் ஆதரவு), படை நார்வேயில் இறங்கும். ரஷ்யா செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலிருந்து ஒரு படையோடு வந்து முட்டினாலும் ஆதரவு இருப்பதால் இறங்கிவிடும். இதை ஒருமுறை கையால் ஆடிப் பார்த்தால் கான்வாய் விதி முழுவதும் புரிந்துவிடும். விதிப்புத்தகத்தைப் பத்து முறை படிப்பதைவிட இது மேல்.

கான்வாய் செய்யும் கப்பலை எதிரி தாக்கினால் என்ன ஆகும்? தாக்கினால் மட்டும் ஒன்றும் ஆகாது. கப்பலை அந்தக் கடலிலிருந்து பெயர்த்து விரட்டினால்தான் கான்வாய் அறுபடும். எங்கள் கூட்டத்தில் இதற்காக முக்கால் மணி நேரம் சண்டை நடந்திருக்கிறது, ஆறிப்போன காப்பிக்கு நான் சாட்சி. இதற்கும் மேலே, கடல் கடந்து வரும் படை தன்னை ஏற்றிவரும் கப்பலையே காப்பாற்றுமா, அறுக்குமா என்று விடை சுழலும் முரண்களும் உண்டு. விதிப் பித்தர்களுக்குத் தீனி. எங்கள் பலகையில் ஒருமுறைகூட வந்ததில்லை.

இந்த ஆட்டத்தின் ருசி, அடுத்தவன் கப்பல் மேலும் ஏறலாம் என்பதில் இருக்கிறது. விதி அனுமதிக்கிறது. ஒருமுறை நான் இங்கிலாந்து, மதினி பிரான்ஸ். ஆங்கிலக் கால்வாயில் அவர்கள் கப்பல். லண்டனில் என் படை. "பெல்ஜியத்தில் இறக்கிவிடுகிறேன் கொழுந்தனாரே, ஜெர்மனியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அடுக்களை வாசலில் வைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். சீட்டைப் பிரித்தால், அந்தக் கப்பல் பிக்கார்டியிலிருந்து பெல்ஜியத்துக்குப் போகும் அவர்களுடைய சொந்தப் படைக்கு ஆதரவு தந்துகொண்டிருந்தது. என் படை லண்டன் கரையில் மூட்டை முடிச்சோடு நின்றது. ஷா லைனை நம்பியவர்களின் நிலை எனக்கு அன்று விளங்கியது.

இதற்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'ஸ்டாப்', அதாவது குத்து. குத்து வாங்காமல் இந்த ஆட்டத்தை முடித்தவர் இல்லை.

பரிபாஷை என்றால் புதியவர்கள் மிரள்கிறார்கள். மிரளத் தேவையில்லை. தாயம் ஆடுகிற வீட்டுக்குள் வெளியூர்க்காரர் நுழைந்து, "வெட்டு விழவில்லை, இன்னும் ஒரு காய் பழமாகவில்லை" என்பதைக் கேட்டால் அவரும் மிரளத்தான் செய்வார். டிப்ளமசியில் 'பவுன்ஸ்' என்றால் சம பலமுள்ள இரண்டு காய்கள் ஒரே இடத்துக்கு வந்து முட்டி இரண்டும் திரும்புவது. எங்கள் வீட்டில் 'முட்டு' என்கிறோம். 'டி.எம்.இசட்.' என்றால் இருவரும் நுழைவதில்லை என்று பேசிக்கொண்ட எல்லை; பெரும்பாலும் இரண்டு முறைகூடத் தாங்காது. 'என்.எம்.ஆர்.' என்றால் சீட்டே கொடுக்காமல் விட்டவர். 'லெபாண்டோ' என்றால் இத்தாலியின் கடல் திட்டம்: முதல் ஆண்டில் அபூலியாவில் நிற்கும் படையை அயோனியக் கடல் வழியே துனிஸில் இறக்கி, அடுத்த ஆண்டு இரண்டு கப்பல் சங்கிலியில் சிரியாவுக்குக் கடத்தித் துருக்கியின் முதுகில் வைப்பது. 1571 கடற்போரின் பெயர். 'ஜாகர்நாட்' என்றால் ரஷ்யாவும் துருக்கியும் சேர்ந்துகொண்டு மேற்கே உருண்டு வருவது. பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. நெல்லையப்பர் ஆனித் தேரின் வடத்தைப் பிடித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அசைக்கிறவரைதான் பாடு, அசைந்துவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது.

கான்வாயைத் தமிழில் 'கடத்தல்' என்று சொல்லலாம் என்று பார்த்தோம். ஒத்துவரவில்லை. கேட்காமலே அடுத்தவன் படையைக் கப்பலேற்றுவதற்கும் இந்த ஆட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் கடத்தல்தான். நிலவழியே பக்கத்து மாகாணத்துக்குப் போக எழுதிய படையை வேற்று நாட்டுக் கப்பல் வலியக் கான்வாய் செய்வது அது. செல்லுமா செல்லாதா என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. ஆடத் தொடங்கும் முன் உங்கள் கையிலுள்ள விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இனி சொந்தக் கப்பல்.

ஆக்சிஸ் அண்ட் அலைஸ் லாரி ஹாரிஸ் வடிவமைத்தது. 1981இல் ஒரு சிறிய நிறுவனம் வெளியிட்டது. 1984இல் மில்டன் பிராட்லி வெளியிட்ட பெட்டிதான் உலகம் முழுக்கப் பரவியது. இரண்டாம் உலகப் போர், பகடை, பணம். பணத்துக்கு ஐ.பி.சி. என்று பெயர். ஒவ்வொரு காயையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். இங்கே கப்பல் உண்மையிலேயே ஏற்றிக்கொண்டு போகிறது. டிரான்ஸ்போர்ட் என்ற தனிக் காயே இருக்கிறது. நான் சொல்லும் கணக்கு '1942 இரண்டாம் பதிப்பு'க்கு உரியது.

டிரான்ஸ்போர்ட் ஒன்று 7 ஐ.பி.சி. காலாட்படை 3, பீரங்கி 4. ஒரு டிரான்ஸ்போர்ட்டில் ஏதாவது ஒரு தரைக் காயும் கூட ஒரு காலாளும் ஏறலாம். ஆக ஒரு காலாளையும் ஒரு பீரங்கியையும் கடல் கடத்த 14 ஆகிறது. அதில் சரிபாதி கப்பலுக்கே போகிறது. பீரங்கிக்குப் பதில் டாங்கி என்றால் 16. அதே 14க்கு நிலத்தில் இரண்டு காலாட்களும் இரண்டு பீரங்கிகளும் வரும். எங்கள் கூட்டத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி இந்தக் கணக்கைக் கேட்டதும், "லாரி வாடகையும் சரக்கு விலையும் ஒன்றென்றால் வியாபாரம் எப்படித் தம்பி உருப்படும்?" என்றார். அதுதான் இந்த ஆட்டத்தின் மையக் கேள்வி. ஜப்பானும் அமெரிக்காவும் பிரிட்டனும் விடிய விடிய அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன.

டிரான்ஸ்போர்ட் இரண்டு கடல் மண்டலம் நகரும். வழியில் ஏற்றலாம். இறக்கிவிட்டால் அந்த முறை அதற்கு மேல் நகரக் கூடாது. சரக்கோடு கடலிலேயே தங்கலாம், டிப்ளமசியில் முடியாத காரியம். கப்பலில் ஏறிய படைக்கு அந்த முறையின் நடை அதோடு முடிந்தது. உள்நாட்டிலிருந்து நடந்து வந்து ஏறவோ இறங்கிய பின் நடக்கவோ முடியாது. இந்த ஒரு விதியை மறந்ததால் எங்கள் முதல் மூன்று ஆட்டங்களும் செல்லாதவை.

நகராமலே ஒரே கடலில் ஏற்றி எதிர்க்கரையில் இறக்குவதற்கு விதிப்புத்தகமே 'பிரிட்ஜிங்' என்று பெயர் வைத்திருக்கிறது. எங்களுக்கு இது எளிதாகப் பிடிபட்டது. தாமிரபரணியில் பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே படகுதான் பாலமாக இருந்தது, சுலோச்சன முதலியார் தம் பணத்தில் கட்டிய பாலம் 1843இல் திறக்கப்படும்வரை. படகு அதே துறையில்தான் கிடக்கும், ஆட்கள்தான் மாறுவார்கள். எங்கள் வீட்டில் இப்போது பிரிட்ஜிங் என்று யாரும் சொல்வதில்லை. "முதலியார் போடு" என்பதுதான் பேச்சு.

கடலிலிருந்து கரையிறங்கித் தாக்கும்போது முதலில் கடற்போர், பிறகு கரைப்போர். கடலில் சண்டை நடந்தால் போர்க்கப்பல்கள் கரையை நோக்கிக் குண்டு வீச முடியாது. சண்டை இல்லாவிட்டாலும் இறங்கும் தரைக் காய்களின் எண்ணிக்கைக்கு மேல் கப்பல்கள் சுடக் கூடாது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பின்வாங்கவும் முடியாது. வென்றால் நாடு, தோற்றால் கடல். ஆகவே தொட்டுவிட்டு ஓடிவரும் 'ஸ்ட்ரேஃப்' என்ற உத்தி இவர்களுக்குக் கிடையாது.

டிரான்ஸ்போர்ட்டுக்குத் தற்காப்பே இல்லை. காவலுக்கு நின்ற கப்பல்கள் எல்லாம் போய் அது மட்டும் மிஞ்சினால் பகடைகூட உருட்ட வேண்டாம், சரக்கோடு மூழ்கிவிடும். எத்தனை இருந்தாலும் அதே கதி. நான்கு டிரான்ஸ்போர்ட்டுகளை நிறைத்து வைத்துக்கொண்டு, காவலுக்குப் பணம் இல்லை என்று விட்டேன். எதிரியின் ஒற்றை விமானம், விலை 10, வந்து 56 ஐ.பி.சி.யைக் கடலில் கரைத்தது. (எங்கள் பெட்டியில் காணாமல்போன டிரான்ஸ்போர்ட்டுகளுக்குப் புளியங்கொட்டை வைத்திருந்தோம். புளியங்கொட்டை மூழ்கியதுகூட வலித்தது.)

இந்த ஆட்டத்தின் பரிபாஷை பெரும்பாலும் இந்த வலியிலிருந்து பிறந்ததுதான். 'ஷக்-ஷக்' என்றால் அமெரிக்கப் படைகளை ஐரோப்பாவுக்கு விடாமல் ஓட்டிக்கொண்டே இருக்கும் இரட்டைக் கப்பல் வரிசை. ஒன்று ஏற்றும்போது மற்றது இறக்கும். ஜங்ஷனுக்கும் பாளைக்கும் ஓடும் டவுன் பஸ் மாதிரி. 'ஃபாடர்' என்றால் விலையுயர்ந்த காய்க்கு முன்னால் சாகக் கொடுக்கும் மலிவான காய். 'பிளாக்கர்' என்றால் எதிரிக் கப்பற்படையின் வழியில் வேண்டுமென்றே நிறுத்தும் ஒற்றை டெஸ்ட்ராயர், 8 ஐ.பி.சி.யில் ஒரு முறை முழுவதும் எதிரியை நிறுத்திவிடலாம். டிரான்ஸ்போர்ட்டோ நீர்மூழ்கியோ இப்படி வழியை அடைக்க முடியாது, எதிரி தாண்டிப் போய்விடுவான். 'டெட் ஸோன்' என்றால் முதலில் நுழைபவன் செத்தான் என்ற நிலம். 'கேன் ஓப்பனர்' என்றால் கூட்டாளி முதலில் தடையை உடைத்துக் கொடுக்க, அடுத்து ஆடும் உங்கள் டாங்கிகள் உள்ளே பாய்வது. 'கே.ஜி.எஃப்.' என்றதும் அண்ணாச்சிக்குக் கோலார் தங்கவயல் நினைவுக்கு வந்தது. இங்கே அதற்கு, முதலில் ஜெர்மனியை முடி என்று பொருள். ஜப்பானை முதலில் என்றால் 'கே.ஜே.எஃப்.'.

பதிப்பு விஷயத்தில் ஏமாறாதீர்கள். 1984 பெட்டியில் டிரான்ஸ்போர்ட் விலை 8. இரண்டு காலாட்கள், இல்லையென்றால் ஒரு டாங்கி. தற்காப்பில் 1 விழுந்தால் சுடவும் செய்யும். அதனால் பழைய ஆட்டக்காரர்கள் டிரான்ஸ்போர்ட்டையே ஃபாடராக முன்னால் நிறுத்துவார்கள். 2008இல் வந்த ஆண்டுவிழாப் பதிப்பிலிருந்துதான் அது நிராயுதபாணி ஆனது. யாராவது பழைய பழக்கத்தில் ஆலோசனை சொன்னால் எந்தப் பெட்டி என்று முதலில் கேளுங்கள்.

சரி, எதை எடுப்பது?

வழக்கமாக இரண்டு மூன்று பேர்தான் என்றால், பலகையை இரவு முழுக்க கலைக்காமல் விட ஒரு மேசை இருந்தால், கணக்குப் போடுவதில் சுகம் காண்பவர் என்றால், ஆக்சிஸ் அண்ட் அலைஸ். டிப்ளமசி மூன்று பேருக்குச் சப்பென்று இருக்கும். பேரம் பேச ஆள் வேண்டுமே. ஆறு பேர் என்றால் இத்தாலியை அசையாமல் விட்டுவிட்டு ஆடலாம் என்று விதி இடம் தருகிறது. லெபாண்டோ போய்விடும், மற்றபடி குறையில்லை. ஏழு பேர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், டிப்ளமசிதான். விதி சிறியது, அரை மணியில் சொல்லிக் கொடுத்துவிடலாம்; டிரான்ஸ்போர்ட் கணக்குக்கு ஒரு ஞாயிறு முழுவதும் வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: புதிதாகச் சம்பந்தம் செய்த குடும்பங்கள் ஓராண்டு கழித்து ஆடுவது நல்லது.

என் மனம் டிப்ளமசி பக்கம்தான். சொந்தக் கப்பலை மூழ்கக் கொடுத்தவன் கணக்கில் தவறினான், அவ்வளவுதான்; அடுத்த முறை திருத்திக்கொள்வான். கடன் கப்பலில் ஏறும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. அது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அக்கா மகனும் அதையே கேட்கிறான், காரணம் வேறு: பகடை இல்லாததால் தோற்றாலும் அதிர்ஷ்டத்தைத் திட்ட முடியாது, மாமாவைத் திட்டலாம்.

வருகிற ஞாயிறு ஆறு பேர் உறுதி. அண்ணாச்சி மச்சானையும் கூட்டிவந்தால் ஏழு. மதினி இப்போதே பிரான்ஸைக் கேட்டு வைத்துவிட்டார்கள். நான் மறுபடியும் இங்கிலாந்துதான். ஆங்கிலக் கால்வாயில் இந்த முறை என் கப்பல் நிற்கும்.